சமய வாதத்தில் மறைநூற்சான்று: மதுரை முதல் யாழ்ப்பாணம் வரை

1. தோற்றுவாய்

தென்பாண்டி நாட்டுச் சிற்றூர்களில் கிறித்தவத் தேவாலயத்தை 'வேதக்கோயில்' என்றும், கிறித்தவ சமயத்தாரை 'வேதக்காரர்' என்றும் வழங்குதல் இன்றும் உண்டு. மதுரையினின்று மேற்கே உசிலம்பட்டியைக் கடந்து, கணவாய் வழியாக ஆண்டிபட்டியை அடைந்து, அங்கிருந்து தேனியும் கம்பமும் நோக்கிச் செல்வார் முதியோர் வாயில் இச்சொற்களைக் கேட்கலாம். கல்லாத மக்களும் ஒரு சமயத்தை அதன் கடவுட்பெயரால் அழையாது அதன் நூலால் அழைத்தனர் என்பது கருதத் தக்கது. அந்நூலுக்கு அவர்கள் இட்ட பெயரோ மற்றொரு சமயத்தின் முதல்நூற் பெயர். 17-ஆம் நூற்றாண்டு முதலே கிறித்தவ நூல்கள் 'சத்திய வேதம்' என்னும் தொடரை ஆண்டு வந்தன. 'வேதம்' என்ற பொதுச்சொல் வழக்கில் இருந்தமையால், எவ்வேதம் மெய் என்ற வினாவும் உடன் எழுந்தது.

அவ்வினாவிற்கு விடை காணப் புகுந்த வாதங்கள் தமிழில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நிகழ்ந்துள்ளன. அவற்றின் வரலாற்றைச் சமயச் சார்பாளர் தத்தம் வெற்றி வரலாறாக எழுதியுள்ளனர். யார் வென்றார் என்பது ஈண்டு நம் ஆய்வுப் பொருளன்று. மறைநூல் எந்நிலையில் சான்றாக நின்றது, எவர்முன் நின்றது, எதுவரை நின்றது என்பதே நாம் காண விழைவது. ஆண்டிபட்டி வட்டாரத்தையும் உள்ளடக்கிய பழைய மதுரை நாடு இவ்வாராய்ச்சிக்கு உரிய தொடக்க இடமாகும். நோபிலியின் மதுரை மிஷனும், இரு நூற்றாண்டு கழித்து யாழ்ப்பாணத்தினின்று வந்த அமெரிக்க மிஷனும் இந்நாட்டையே தம் களமாகக் கொண்டன.

2. உரையளவையும் அதன் எல்லையும்

மறைநூலைச் சான்றாகக் கொள்ளும் முறை தமிழர்க்குப் புதிதன்று. மணிமேகலையின் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை அளவைவாதியின் கூற்றோடு தொடங்குகின்றது. வேதத்தை ஏற்ற ஆசிரியர்கள் கொண்ட அளவைகளுள் நூலுரையும் ஒன்று. அந்நூலின் பிற்பகுதியில் அறவண அடிகள் வாயிலாக உரைக்கப்படும் பௌத்த அளவைகளோ காட்சி, கருதல் என இரண்டே. ஒரே காப்பியத்தில் உரையளவையைக் கொள்வாரும் தள்ளுவாரும் அடுத்தடுத்து நிற்கக் காண்கிறோம். சிவஞான சித்தியார் அளவைகள் பலவற்றையும் காட்சி, கருதல், உரை என மூன்றனுள் அடக்குகின்றது. ஆயினும் அதன் பரபக்கத்தில் உலகாயதரையும் பௌத்தரையும் சமணரையும் மறுக்கும்போது, அருணந்தி சிவாசாரியார் பெரும்பாலும் கருதலளவையையே துணைக்கொள்கின்றார். வேதத்தைக் கொள்ளாதார்முன் வேதத்தைக் காட்டுதல் பயனற்றது என்பதே காரணம்.

மேலை நாட்டிலும் இவ்வுணர்வு இருந்தது. 13-ஆம் நூற்றாண்டினரான தாமஸ் அக்குவினாஸ் யூதரோடு பழைய ஏற்பாட்டைக் கொண்டும், திரிபுக் கொள்கையரோடு புதிய ஏற்பாட்டைக் கொண்டும் வாதிடலாம் என்றார். இரண்டையும் ஏலாதாரிடத்து இயற்கையறிவு ஒன்றையே துணைக்கொள்ளல் வேண்டும் என்பதும் அவர் கருத்து. தமிழ் அளவை நூலாரும் இலத்தீன் இறைநூலாரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரு முடிபுக்கு வந்துள்ளனர். இருவரும் ஒப்புக்கொண்ட நூலே இருவர்க்கும் சான்றாகும் என்பது அம்முடிபு. தமிழகத்தில் நிகழ்ந்த வாதங்களை இவ்விதி கொண்டு அளந்து பார்ப்பாம்.

3. மதுரையில் ஒரு வழக்கு (1606 – 1623)

இத்தாலியரான இராபர்ட் தெ நோபிலி 1606-ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்தார். அவருக்கு முன்னரே அங்கிருந்த போர்த்துக்கீசியத் துறவி கொன்சாலோ பெர்னாண்டஸ். நோபிலி காவியுடுத்து, மரக்கறி உணவு கொண்டு, தத்துவபோதகர் என்னும் பெயருடன் வாழ்ந்ததும், பூணூலும் குடுமியும் நீக்காமலே பார்ப்பனரைத் திருமுழுக்குப் பெறச் செய்ததும் பலரும் அறிந்தனவே. பிற சமயத்தாரோடு வாதிடுங்கால் நோபிலி விவிலியத்தை முதற்சான்றாக வைத்திலர். மறுபிறப்பை மறுக்கும் புனர்ஜென்ம ஆட்சேபமும், உயிரின் இயல்பை ஆராயும் ஆத்தும நிர்ணயமும் தருக்க நெறியிலேயே செல்கின்றன. மேற்கூறிய விதியை அவர் பேணினார் என்க.

நாம் கருதத்தக்க வழக்கு வேறு. அது திருச்சபைக்குள்ளேயே நிகழ்ந்தது. பூணூலும் குடுமியும் சந்தனமும் சமயக் குறிகளா, குலக் குறிகளா என்பதே வினா. சமயக் குறிகளாயின் கிறித்தவர் அவற்றை நீக்கியே ஆகவேண்டும். குலக் குறிகளாயின் வைத்துக்கொள்ளலாம். நோபிலி 1613-ஆம் ஆண்டில் இலத்தீனில் எழுதிய விளக்கத்தில், மனு முதலிய தரும நூல்களை எடுத்துக்காட்டி, அவை குலக் குறிகளே என்று நாட்டினார். பெர்னாண்டஸ் 1616-ஆம் ஆண்டில் போர்த்துக்கீசிய மொழியில் எழுதிய நூலில், பார்ப்பனரின் சடங்குகளை அவர்தம் நூல்வழியே விரித்துரைத்து, அவை சமயத்தோடு பிரிக்க இயலாதன என்று காட்டினார்.

இஃது எண்ணத்தக்க நிகழ்ச்சி. ஒரே ஊரில் வாழ்ந்த ஒரே துறவியர் சபையினர் இருவர், மாற்றுச் சமயத்தின் நூல்களையே சான்றாகக் கொண்டு, மூன்றாண்டு இடைவெளியில் எதிரெதிர் முடிபுகளை எழுதினர். 1619-ஆம் ஆண்டில் கோவையில், அஃதாவது போர்த்துக்கீசியர் தலைநகரான கோவா நகரில், குருமார் கூடி இதனை ஆராய்ந்தும் ஒருமுகமான முடிவு பிறக்கவில்லை. 1623-ஆம் ஆண்டு சனவரி 31-ஆம் நாள் பதினைந்தாம் கிரகோரி போப்பாண்டவர் சில கட்டுப்பாடுகளோடு அக்குறிகளுக்கு இசைவளித்தார். வழக்கை முடித்தது ஆணையே; நூற்சான்றன்று.

இருவரும் அந்நூல்களை மெய்ந்நூல்களாகக் கொண்டாரல்லர். ஒரு மக்கட்கூட்டத்தின் வழக்கத்திற்குச் சாட்சியாக மட்டுமே கொண்டனர். மறைநூல் 'இது மெய்' என்று கூறுதற்கன்றி, 'இவர் இவ்வாறு கருதுகின்றனர்' என்று கூறுதற்கும் சான்றாகலாம் என்னும் வேறுபாடு ஈண்டுத் தோன்றுகின்றது. முன்னதை மெய்ச்சான்று என்றும் பின்னதை வழக்குச்சான்று என்றும் நாம் குறிப்போம். பின்வந்த வாதங்களில் குழப்பம் விளைந்த இடங்கள் பெரும்பாலும் இவ்விரண்டும் மயங்கிய இடங்களே.

4. ஒரு நூலை இருவரும் ஒப்பினும்

நூல் பொதுவாயின் வழக்குத் தீரும் என்று கருதலாமோ எனின், அதற்கும் தமிழ் வரலாறு விடை கூறுகின்றது. 1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715-க்குள் அச்சிட்டு முடித்தார். நூலை மக்கள் கையில் கொடுத்து, அதனையே நடுவராக வைத்தல் லூத்தர் வழியினரின் கோட்பாடு. வீரமாமுனிவர் (1680 – 1747) அவ்வழியினரை மறுத்து வேதவிளக்கம், பேதகமறுத்தல் ஆகிய உரைநடை நூல்களை இயற்றினார். இரு திறத்தாரும் விவிலியத்தைக் கடவுள் வாக்காகக் கொண்டவரே. ஆயினும் வாதம் ஓய்ந்ததில்லை. நூலுக்குப் பொருள் உரைக்கும் உரிமை நூலைக் கற்கும் ஒவ்வொருவருக்கும் உரியதா, வழிவழி வந்த சபைக்கு உரியதா என்ற வினாவை நூல் தானே தீர்த்துவைக்க இயலவில்லை.

மொழிபெயர்ப்பும் இவ்வழக்கில் ஒரு கூறாயிற்று. கத்தோலிக்கர் சருவேசுரன் என்றனர். பப்ரிசியுவின் மொழிபெயர்ப்பு பராபரன் என்றது. பெர்சிவலின் 1850-ஆம் ஆண்டுப் பதிப்பும், பவர் தலைமையில் உருவாகி 1871-இல் முழுமையாக வெளிவந்த பதிப்பும் தேவன் என்றன. சான்றாக நிற்கும் நூலின் முதற்சொல்லிலேயே வேறுபாடு இருக்குமாயின், சொற்பற்றிய வாதத்தை எங்ஙனம் நிலைநாட்டுவது? சைவ நூலாரும் உரையாசிரியர் வழியாகவே சூத்திரங்களுக்குப் பொருள் கண்டனர் என்பதை நினைவிற் கொண்டால், இவ்விடர்ப்பாடு கிறித்தவர்க்கே உரியதன்று என்பது விளங்கும்.

சீகன்பால்குவிடம் மற்றொரு போக்கும் தோன்றிற்று. அவர் தமிழ் நூல்களைத் தேடித் தொகுத்து, 1708-ஆம் ஆண்டில் அவற்றிற்கு ஓர் அட்டவணை எழுதினார். உருவ வழிபாட்டையும் சடங்குகளையும் கடியும் சிவவாக்கியர் பாடல்களை அவர் விரும்பிப் பயன்படுத்தினார். 'உம் நூலே உம் வழிபாட்டைக் கடிகின்றது' என்று காட்டுதல் அதன் நோக்கம். எதிரியின் நூலை எதிரிக்கு மாறாகச் சான்று காட்டும் இம்முறை, அச்சு பரவிய 19-ஆம் நூற்றாண்டில் துண்டு நூல்கள் வாயிலாக ஊர்தோறும் சென்றது. புராணக் கதைகளுள் ஒழுக்கத்திற்கு மாறாகத் தோன்றுவனவற்றைத் தேர்ந்தெடுத்து அச்சிடுதல் அக்காலத்து மிஷனரிகளின் பொதுவழக்கமாயிற்று.

5. யாழ்ப்பாணமும் மதுரையும்

1816-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷன் 1823-இல் வட்டுக்கோட்டையில் கல்விச்சாலை நிறுவியது. 1841-இல் உதயதாரகை என்னும் இதழைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிடத் தொடங்கியது. அச்சபையே 1834-ஆம் ஆண்டில் மதுரைக்கு ஆள் அனுப்பி ஒரு கிளையை ஏற்படுத்தியது. முதலில் மதுரைக்கு வந்த அமெரிக்கர் இருவருள் ஒருவர் ஹொய்சிங்டன். மதுரைக் கிளை நாளடைவில் மேற்கே விரிந்து, பெரியகுளத்தையும் தன் நிலையங்களுள் ஒன்றாக்கிற்று. கூடாரமிட்டு ஊர் ஊராகச் சென்று விவிலியப் பகுதிகளைப் படித்துக்காட்டுதலும், துண்டு நூல்களைப் பரப்புதலும் அவர்தம் பணிமுறை. யாழ்ப்பாணத்தில் உருவான வாதமுறை வைகைப் பள்ளத்தாக்கை எட்டிய வழி இதுவே.

ஹொய்சிங்டன் பின்னர் யாழ்ப்பாணம் மீண்டு வட்டுக்கோட்டைக் கல்விச்சாலையின் தலைவரானார். மெய்கண்டாரின் சிவஞான போதம், உமாபதி சிவாசாரியாரின் சிவப்பிரகாசம், தத்துவக்கட்டளை ஆகிய மூன்றையும் அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அம்மொழிபெயர்ப்புகள் அமெரிக்கக் கீழ்நாட்டியற் கழகத்தின் ஆய்விதழில் 1854-ஆம் ஆண்டு வாக்கில் வெளிவந்தன. அதே 1854-இல் ஆறுமுக நாவலரின் சைவதூஷணபரிகாரம் வெளியாயிற்று. ஒரு கிறித்தவப் போதகர் சித்தாந்த நூல்களை மூலத்திலிருந்து பெயர்க்கின்றார். ஒரு சைவர் விவிலியத்தை அதிகார எண்ணோடு எடுத்தாள்கின்றார். எதிரியின் நூலைத் துண்டுகளாக அன்றி முழுதாகக் கற்ற இருவர் ஓராண்டளவில் தம் உழைப்பின் பயனை வெளியிட்டமை நம் சமய வாத வரலாற்றில் குறிக்கத்தக்கது.

நாவலர் (1822 – 1879) நல்லூரிற் பிறந்து, வெஸ்லியன் மிஷனின் ஆங்கிலப் பாடசாலையிற் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். பெர்சிவல் பாதிரியார்க்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்றவர். அம்மொழிபெயர்ப்பு மழவை மகாலிங்கையரின் மதிப்பீட்டைப் பெறுதற்காகப் பெர்சிவலோடு சென்னைக்கும் சென்று வந்தார். 1847-ஆம் ஆண்டு திசம்பர் 31-ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதற் சொற்பொழிவை நிகழ்த்தினார். 1848-இல் பெர்சிவலை விட்டு நீங்கிச் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849-இல் திருவாவடுதுறை ஆதீனம் அவர்க்கு நாவலர் என்னும் பட்டம் வழங்கியது. விவிலியம் அவர்க்கு வேற்றார் நூலாயினும், சொல் சொல்லாக நிறுத்துப் பார்த்த நூலாகும். அதனை ஏற்காதவர் அதனை இத்துணை நுணுகிக் கற்றது அரிது.

6. பரிகாரத்தின் வாதமுறை

சைவதூஷணபரிகாரம் தன் பெயர்க்கேற்பச் சைவத்தின்மேற் சாட்டப்பட்ட குற்றங்களை நீக்கப் புகுந்த நூல். சைவர் கொள்ளும் புண்ணியம், தவம், திருத்தல யாத்திரை, இலிங்க வழிபாடு, நீராட்டம், மந்திர செபம் முதலியவற்றைப் போதகர்கள் மூடவழக்கம் என்று பழித்தனர். நாவலர் அவற்றைக் காத்தற்குச் சிவாகமங்களோடு நில்லாமல், பழித்தவரின் விவிலியத்தையே எடுத்துக்காட்டினார். இசுரவேலர் தம் இறைவனுக்கு ஆற்றிய வழிபாடும் சைவர் சிவனுக்கு ஆற்றும் வழிபாடும் ஒத்த தன்மையன. ஒன்று கடவுள் ஆணையாயின் மற்றொன்று மூடத்தனமாதல் எங்ஙனம் என்பது அவர் வினாவின் சாரம். அக்கால வெஸ்லியன் சபையின் அறிக்கையொன்று, இந்நூலாசிரியர் விவிலியத்தில் வியக்கத்தக்க தேர்ச்சி உடையர் என்று ஒப்புக்கொண்டு, அவர் திறமையுடன் தம் மறைநூலையே தமக்கெதிராகத் திருப்பியதைக் குறிப்பிட்டது. அமெரிக்க ஆய்வாளர் டென்னிஸ் ஹட்சன் இந்நூலின் இப்பண்பை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இவ்வகை வாதத்திற்கு விவிலியத்தில் இடம் உண்டா என்று நாமே நோக்குதல் தகும். ஆதியாகமம் 28-ஆம் அதிகாரத்தில் யாக்கோபு தான் தலைக்கு வைத்திருந்த கல்லைத் தூணாக நிறுத்தி, அதன்மேல் எண்ணெய் வார்த்து, அவ்விடத்தைக் கடவுளின் இல்லமெனப் பெயரிடுகின்றான். யாத்திராகமம் திருக்கூடாரத்தின் அளவு, விளக்குத்தண்டு, குருவின் உடை ஆகியவற்றை வகுத்துரைக்கின்றது; அதன் 30-ஆம் அதிகாரம் காலையும் மாலையும் நறும்புகை காட்டவும், குருமார் கைகால் கழுவிய பின்னரே உள்ளே புகவும் விதிக்கின்றது. லேவியராகமம் 21 உடற்குறை உள்ள குருமார் பலி செலுத்தலாகாது என்கின்றது. எண்ணாகமம் 19 செந்நிறக் கிடாரியை எரித்த சாம்பலை நீரிற் கலந்து தெளித்துத் தீட்டு நீக்குமாறு கூறுகின்றது. சிவாகமங்களின் கிரியாபாதத்தைக் கற்றவர்க்கு இவை புதியனவாகத் தோன்றா.

இன்னும் ஒன்று. சீர்திருத்தச் சபையார் வழங்கும் தமிழ் விவிலியத்தில் மோசேயின் ஐந்து நூல்களும் ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம் எனப் பெயர் பெறுகின்றன. முழு நூலுக்கும் பெயர் வேதாகமம். வேதமும் ஆகமமும் சைவர்க்கு முதல்நூல்கள். கோயில் எடுத்தலும் பூசையும் ஆகமத்தின் பொருள். கோயில் வழிபாட்டு விதிகள் மிக்க யூத நூல்களுக்கு ஆகமம் என்று பெயரிட்டமையால், நாவலர் காட்டிய ஒப்புமையைத் தமிழ்ச்சொல்லே முன்கூட்டிச் சுட்டிவிட்டது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு தொடக்கநூல், விடுதலைப் பயணம், லேவியர், எண்ணிக்கை, இணைச்சட்டம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆகமம் என்னும் சொல் அங்கு இல்லை.

நாவலரின் வாதம் மெய்ச்சான்று வகையினதா, வழக்குச்சான்று வகையினதா? விவிலியம் மெய்ந்நூல் என்று அவர் கொண்டாரல்லர். எதிரி கொண்டதை வாதத்தின் பொருட்டுத் தாமும் கொண்டு, அதனின்று எதிரி மறுக்கும் முடிபை வருவித்தார். இந்திய தருக்க நூலார் இதனை அப்பியுபகம சித்தாந்தம் என்பர். இம்முறையால் எதிரியின் குற்றச்சாட்டு வலியிழக்கும். ஆயின் தன் கொள்கை நிலைபெறாது. சைவக் கிரியையும் யூதக் கிரியையும் ஒப்பன என்பதால் சைவம் மெய் என்பது பெறப்படாது. சைவத்தை மட்டும் பழித்தல் முறையன்று என்பதே பெறப்படும். பரிகாரம் என்னும் நூற்பெயர் இவ்வளவையே கூறுகின்றது. நாவலர் அதனை உணர்ந்தே பெயரிட்டார் என்பது நம் கருத்து.

7. மறுப்பும் மறுப்பின் மறுப்பும்

கிறித்தவர் இதற்கு வாளா இருந்திலர். கோயிலும் பலியும் வரவிருந்த பொருளின் நிழல். பொருள் வந்தபின் நிழல் வேண்டா என்பது அவர் விடை. எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் 8 முதல் 10 வரையுள்ள அதிகாரங்கள் இதற்கு அடிப்படை. இம்மலையிலோ எருசலேமிலோ அன்றி, ஆவியிலும் உண்மையிலும் வழிபடும் காலம் வருமென்னும் கருத்தை யோவான் 4-ஆம் அதிகாரம் தருகின்றது. ஆயின் அதே புதிய ஏற்பாட்டில், இயேசு திருச்சட்டத்தை அழிக்க வரவில்லை என்று மத்தேயு 5-ஆம் அதிகாரத்திற் கூறுகின்றார். பவுல் தூய்மைச் சடங்கு செய்துகொண்டு கோயிலுக்குட் புகுந்ததை அப்போஸ்தலர் நடபடிகள் 21 கூறுகின்றது. இருதிறச் சான்றும் ஒரு நூலிலேயே உள.

எண்ணாகமம் 21-இல் மோசே வெண்கலப் பாம்பைச் செய்து உயர்த்த, அதனை நோக்கியோர் பிழைத்தனர். இராஜாக்களின் இரண்டாம் நூல் 18-இல், மக்கள் அதற்குத் தூபங்காட்டினமையால் எசேக்கியா அரசன் அதனை உடைத்தான். உருவம் செய்க என்பதற்கும் உடைக்க என்பதற்கும் அப்பாம்பு ஒன்றே சான்று. ஏசாயா முதல் அதிகாரமும் மீகா 6-ஆம் அதிகாரமும் பலியைவிட நீதியே வேண்டும் என்கின்றன. தமிழிலும் கிரியையை விதிக்கும் ஆகமங்களும் உண்டு. அதனைக் கடியும் சிவவாக்கியரும் உண்டு. சீகன்பால்கு எடுத்தது சிவவாக்கியரை. நாவலர் சுட்டியது லேவியரின் வழிபாட்டை. ஒவ்வொருவரும் தம் நூலின் ஞானப் பகுதியைத் தமக்கு வைத்துக்கொண்டு, எதிரி நூலின் பகுதிகளுள் தம் வாதத்திற்கு வேண்டியதைத் தேர்ந்தெடுத்தனர். வாதத்தில் நேர்ந்த பெரும்பிழை இத்தேர்விலேயே உள்ளது. நாவலரின் பெருமை, இத்தேர்வு ஒருதலையானது என்பதை வெளிப்படுத்தி, இரு நூல்களையும் ஓர் அளவுகோலால் அளக்குமாறு வற்புறுத்தியமையாகும்.

ஆயினும் வேறுபாடு முற்றும் நீங்கிற்றா? இல்லை. அது வேறோரிடத்திற் சென்று நின்றது. கிறித்தவர் கிரியையைக் காலத்தால் முற்பட்டதாகக் கண்டனர்: ஒரு காலத்திற்கு உரியது, அக்காலம் கழிந்தவுடன் எல்லார்க்கும் கழிந்தது. சைவர் கிரியையைப் பக்குவத்தால் முற்பட்டதாகக் கண்டனர்: சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு படிகளுள் அஃது ஒன்று, மேற்படி ஏறினார்க்கும் கீழ்ப்படி பொய்யாவதில்லை, பின்வருவார்க்கு அஃது என்றும் வேண்டும். முன்னது வரலாற்று வரிசை. பின்னது உயிர்களின் நிலைவரிசை. எண்ணெய் வார்த்த கல்லும் நீறாக்கிய சாம்பலும் இரு நூலிலும் ஒத்திருப்பினும், அவற்றை எவ்வரிசையில் வைப்பது என்பதை அந்நூற்பகுதிகள் கூறமாட்டா. உரைகாண்பவன் கொண்டு வரும் கோட்பாடே அதனைக் கூறும். மறைநூற்சான்று வாதத்தை இவ்வெல்லை வரை கொண்டுவந்து நிறுத்தியது. இதற்கப்பால் கொண்டுசெல்லும் வலிமை அதற்கில்லை.

இவ்வெல்லையில் நின்று வருந்தியோரும் உளர். வட்டுக்கோட்டையிற் பயின்று, 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரியர் இருவருள் ஒருவராகிய கறோல் விசுவநாதபிள்ளை, கிறித்தவச் சார்பில் நின்று நாவலர் தரப்பை மறுத்துச் சுப்பிரதீபம் என்னும் நூலை எழுதினார். பின்னர் அவரே சைவத்திற்கு மீண்டார். நூற்சான்றால் மறுத்தவர் அதே நூல்களைக் கற்றவண்ணம் மறுபக்கம் சேர்ந்தார் என்பது, அச்சான்றுகள் ஒரு மனத்தை இறுதியாகக் கட்டுவன அல்ல என்பதைக் காட்டும். பள்ளியில் ஒரு சமயமும் வீட்டில் ஒரு சமயமுமாக வளர்ந்த அத்தலைமுறையினர்க்கு இவ்வாதம் ஏட்டளவில் நிற்கவில்லை. தாயின் நெற்றித் திருநீறு மூடத்தனமா என்பதும், மகனின் திருமுழுக்கு குலத்துரோகமா என்பதும் அதன் முடிபைப் பொறுத்திருந்தன.

8. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். முதலாவது, தமிழகச் சமய வாதத்தில் மறைநூல் மெய்ச்சான்றாக நின்றதைவிட வழக்குச்சான்றாகவும், எதிரியின் வாயடைக்கும் சான்றாகவும் நின்றதே மிகுதி. இரண்டாவது, நூல் பொதுவாயினும் உரை பொதுவாகாதபோது வாதம் முடிவதில்லை. 1613-க்கும் 1616-க்கும் இடையே மதுரையில் நிகழ்ந்ததும், தரங்கம்பாடியாரோடு வீரமாமுனிவர் நிகழ்த்தியதும் இதற்குச் சான்று. மூன்றாவது, எதிரியின் நூலை முழுமையாகக் கற்றவர் நிகழ்த்திய வாதமே நிலைத்த பயன் தந்தது. துண்டு நூல்களுட் பல இன்று படிப்பாரற்றுப் போயின. பரிகாரமும் ஹொய்சிங்டனின் மொழிபெயர்ப்புகளும் இன்றும் ஆராயப்படுகின்றன.

ஆராய்ச்சி மாணவர்க்கு இத்துறையில் செய்யத்தக்கன பல உள. பரிகாரத்தில் வரும் விவிலிய மேற்கோள்களைப் பப்ரிசியு, பெர்சிவல் பதிப்புகளோடு சொல் சொல்லாக ஒப்பிட்டால், நாவலர் எப்பதிப்பைக் கைக்கொண்டார், எங்கே தாமே பெயர்த்தார் என்பது புலனாகும். பெர்சிவல் பதிப்பின் நடையில் நாவலரின் கை எவ்வளவு என்னும் நீண்டநாள் வினாவிற்கும் அவ்வொப்பீடு ஒளி தரக்கூடும். மதுரைக் கிளையின் துண்டு நூல்களை யாழ்ப்பாணத்து நூல்களோடு ஒப்பிட்டு, வாதம் கடல் கடந்து வந்தபோது எவை விடப்பட்டன, எவை சேர்க்கப்பட்டன என்று ஆராய்தலும் வேண்டும். பெரியகுளம், ஆண்டிபட்டி முதலிய ஊர்களின் மக்கள் வழக்கில் உள்ள வேதம், வேதக்கோயில், வேதக்காரர் போன்ற சொற்களைத் தொகுத்தலும் அவ்வாராய்ச்சியின் ஒரு பகுதியாதல் நன்று. நூலறிந்தார் எவ்வேதம் மெய் என்று வாதிட்ட காலத்தில், ஊரார் இரண்டினுக்கும் வேதம் என்ற ஒரு சொல்லையே வழங்கி, இரு கோயில்களுக்கும் இடையே தம் அன்றாட வாழ்வை நடத்தினர். அவ்வழக்காறும் ஒரு சான்றே. அதனை இதுவரை எவரும் முறையாகத் தொகுத்து ஆராயவில்லை என்றே நாம் கருதுகிறோம்.